வாட், யூனிட், ஹெச்.பி., கே.வி.ஏ.: பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் சாலையோரம் ஒரு பட்டறை வைத்து மோட்டாருக்குக் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) கட்டுகிறேன். குறுவைக்கு நாற்றங்கால் விடும் நேரத்தில் எரிந்துபோன மோட்டார்கள் வாசலில் வரிசையாகக் கிடக்கும். அவற்றில் பலவற்றை எரியாமலே காப்பாற்றியிருக்கலாம் என்பதுதான் எனக்கு வருத்தம். வாட் என்பது என்ன, யூனிட் என்பது என்ன, கே.வி.ஏ. எதற்கு என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தராததால் நல்ல விவசாயிகள் காசை இழக்கிறார்கள். வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வாட் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மின்சாரம் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதன் அளவுதான் வாட். ஒரு விநாடிக்கு ஒரு ஜூல் ஆற்றல் செலவானால் அது ஒரு வாட். ஜூல் என்பதும் பிடிபடாத சொல்லாகத் தோன்றினால் இப்படி நினைத்துப் பாருங்கள்: ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறக்குறைய 9.8 ஜூல் வேண்டும், அதை ஒரு விநாடிக்குள் தூக்கினால் 9.8 வாட். அதே தண்ணீரை மெதுவாகப் பத்து விநாடி எடுத்துத் தூக்கினால் ஒரு வாட்டுக்கும் கொஞ்சம் குறைவு. இரண்டிலும் தூக்கிய தண்ணீர் ஒன்றுதான், வேகம்தான் வேறு. பாடப்புத்தகத்தில் இதைத் திறன் என்பார்கள்.

அப்படியானால் யூனிட்?

இதைப் புரியவைக்க நம் ஊரில் எனக்குச் சிரமமே இல்லை, ஏனென்றால் ஜூன் மாதம் வந்தால் காலையில் டீக்கடையில் எல்லோரும் பேசுவதே இந்தக் கணக்குத்தான். மேட்டூரில் விநாடிக்கு எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள், அணையில் எத்தனை டி.எம்.சி. இருக்கிறது என்று கேட்கிறோம் இல்லையா? கன அடி என்பது பாயும் வேகம். டி.எம்.சி. என்பது மொத்தத் தண்ணீர். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் ஒரு டி.எம்.சி. காலியாகும். வாட் அந்தக் கன அடி மாதிரி, யூனிட் அந்த டி.எம்.சி. மாதிரி. 1,000 வாட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 100 வாட் என்றால் பத்து மணி நேரம் ஓட வேண்டும். 2,000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பு என்றால் அரை மணியில் முடிந்துவிடும். ஜூல் கணக்கில் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். மீட்டரில் இதைக் கிலோவாட் மணி என்று போட்டிருப்பார்கள், நாம் யூனிட் என்கிறோம், இரண்டும் ஒன்றே.

"ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வாட் இழுக்கும்?" என்று கேட்டால் சிரிக்கிறீர்களே, அது தப்பா?

சிரிக்கவில்லை, ஆனால் திருத்துவேன். "ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கன அடி" என்று மேட்டூர் திறப்பைப் பற்றி யாரும் கேட்க மாட்டோம், விநாடிக்கு என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. வாட்டும் அப்படித்தான், நேரம் அதற்குள் அடங்கிவிட்டது. "எத்தனை வாட்?" என்று மட்டும் கேளுங்கள், அல்லது "ஒரு மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட்?" என்று கேளுங்கள்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் வாட், 1736-இல் பிறந்து 1819-இல் இறந்தவர். நீராவி இயந்திரத்தை உருப்படியான இயந்திரமாக மாற்றியவர். அவர் காலத்தில் மின்மோட்டாரே கிடையாது. அவர் இறந்து அறுபது வருஷம் கழித்து, 1882-இல், வில்லியம் சீமன்ஸ் என்ற பொறியாளர் திறனுக்கான அலகுக்கு இவர் பெயரை வைக்கலாம் என்று சொன்னார், அது நிலைத்துவிட்டது. 1960-இல் வந்த சர்வதேச அலகு முறையிலும் அதே பெயர்தான்.

ஹெச்.பி. என்று ஒன்று இருக்கும்போது வாட் எதற்கு?

ஹெச்.பி.யைக் கொண்டுவந்ததும் இதே ஜேம்ஸ் வாட்தான். நீராவி இயந்திரம் விற்கப் போனால், செக்கு இழுப்பதுபோலக் குதிரையை வட்டமாகச் சுற்றவிட்டு வேலை வாங்குகிறவர்கள் "எத்தனை குதிரைக்குச் சமம் இது?" என்று கேட்டார்கள். அவர் ஒரு கணக்கு வைத்தார்: ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி தூக்கினால் ஒரு குதிரைத்திறன். நம் அலகில் சொன்னால் 746 வாட். ஆக 1 ஹெச்.பி. கிட்டத்தட்ட முக்கால் கிலோவாட். 3 ஹெச்.பி. என்றால் 2.2 கிலோவாட், 5 என்றால் 3.7, ஏழரை என்றால் 5.5, பத்து என்றால் 7.5. மோட்டார் நேம் பிளேட்டில் இரண்டும் அடித்திருக்கும், பாருங்கள்.

குதிரையை விடுங்கள், மனிதனைப் பார்ப்போம். நல்ல உடல்வாகு உள்ள ஓர் ஆள் நாள் முழுக்கச் சோர்ந்துபோகாமல் உழைத்தால் சராசரியாக 75 வாட் அளவுக்குத்தான் வேலை கொடுக்க முடியும். எட்டு மணி நேரம் உழைத்தால் 0.6 யூனிட். அதாவது ஒரு யூனிட் என்பது ஓர் ஆளின் ஒன்றரை நாளுக்கும் மேற்பட்ட உழைப்பு. இறைகூடையை இரண்டு பேர் கயிறு பிடித்து வீசி, வாய்க்காலிலிருந்து மேட்டு வயலுக்குத் தண்ணீர் ஏற்றிய காலத்தை என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் அவர் தோள்பட்டை ஏன் கடைசி வரை வலித்துக்கொண்டே இருந்தது என்று எனக்கு உறைத்தது.

அண்ணே, 5 ஹெச்.பி. மோட்டார் 3.7 கிலோவாட் என்கிறீர்கள், ஆனால் கணக்கெடுத்தால் 4.4 காட்டுகிறதே, மோட்டார் கெட்டுப்போச்சா?

கெடவில்லை. நேம் பிளேட்டில் இருக்கும் ஹெச்.பி.யும் கிலோவாட்டும் மோட்டாரின் ஷாஃப்டிலிருந்து வெளியே வரும் திறன். கரண்டாக உள்ளே போவது அதைவிட அதிகம். கம்பி சூடாவதில் கொஞ்சம், இரும்பில் கொஞ்சம், பேரிங்கிலும் காற்றிலும் கொஞ்சம் என்று போய்விடும். நல்ல மோட்டார் 100 வாட் வாங்கி 84, 85 வாட் திருப்பித் தரும். 3.7-ஐ 0.84-ஆல் வகுத்துப் பாருங்கள், 4.4 வரும். நாலைந்து தடவை காயில் கட்டிய பழைய மோட்டார் என்றால் இன்னும் மோசம். கருகிய காயிலை எடுக்கப் பலமாகக் கொளுத்தினால் ஸ்டேட்டரின் (மோட்டாரில் சுற்றாமல் நிற்கும் பகுதி) இரும்புத் தகடுகளுக்கு நடுவே உள்ள பூச்சு போய்விடும், அப்புறம் என்ன நல்ல கம்பி போட்டாலும் இரும்பு சூடாகும். அதனால்தான் மூன்றாவது முறை எரிந்து வந்த மோட்டாருக்கு நானே "புதுசு வாங்கிடுங்க" என்று சொல்கிறேன், எனக்கு வேலை போனாலும் பரவாயில்லை.

ஒரு மா நிலத்துக்குத் தண்ணீர் கட்ட எத்தனை யூனிட் ஆகும்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. நிதானமாகப் போட்டுக் காட்டுகிறேன்.

மூன்று மா ஒரு ஏக்கர். ஆக ஒரு மா சுமார் 1,349 சதுர மீட்டர். அதில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும் என்றால் சுமார் 68,000 லிட்டர். போர்வெல்லில் மோட்டார் ஓடும்போது நீர்மட்டம் 40 அடியில் நிற்கிறது, குழாயில் உராய்வும் மேலே வந்து கொட்டும் உயரமும் சேர்த்து மொத்தம் 50 அடி என்று வையுங்கள், அதாவது 15 மீட்டர் சொச்சம். 68,000 லிட்டரை 15.2 மீட்டர் தூக்க, லிட்டருக்கு மீட்டருக்கு 9.8 ஜூல் வீதம், ஒரு கோடியே ஒரு லட்சம் ஜூல் சொச்சம். 36 லட்சத்தால் வகுத்தால் 2.8 யூனிட்.

இது தண்ணீருக்குப் போய்ச் சேரும் சுத்தமான ஆற்றல். மோட்டாரும் பம்பும் சேர்ந்து 100-க்கு 40 தேறினால் நம் வயல்காட்டில் அது நல்ல செட்தான், ஆக மீட்டர் கணக்கில் 7 யூனிட். 4.4 கிலோவாட் இழுக்கும் 5 ஹெச்.பி. மோட்டார் இதை முடிக்க ஒரு மணி 35 நிமிடம் எடுக்கும். இது தண்ணீர் வெளியே கசியாத, சேறு கலக்கிய வயலுக்கு. நஞ்சை இறுகாமல் வெடிப்பு விட்டுக் கிடந்தால் முதல் தண்ணீருக்கு இரண்டு மடங்கு குடித்தாலும் ஆச்சரியமில்லை.

இந்தக் கணக்கால் என்ன பயன்? உங்கள் செட் ஒரு மாவுக்கு மூன்று மணி நேரம் எடுத்தால் எங்கோ திறன் வீணாகிறது என்று அர்த்தம். இம்பெல்லர் (பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) தேய்ந்திருக்கலாம், ஃபுட் வால்வில் (உறிஞ்சும் குழாயின் அடிவாய்) செத்தை அடைத்திருக்கலாம், 3 அங்குலக் குழாய் வேண்டிய இடத்தில் இரண்டரை போட்டிருக்கலாம், தேவையில்லாமல் நாலைந்து எல்போ (குழாய் வளைவு) இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் "மோட்டாரை ஏழரையா மாத்திடு" என்று வருகிறவர்கள்தான் அதிகம். அடைத்த குழாய்க்குப் பெரிய மோட்டார் மருந்தாகாது.

விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம்தானே, யூனிட் கணக்கு நமக்கெதற்கு?

1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசம், அது போராடிக் கிடைத்தது, நம் உரிமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பில் வராது என்பதற்காகக் கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் கணக்குப் பார்க்காமல் இருக்குமா? அவற்றுக்கு எல்லை வாட்டில்தான். அனுமதி வாங்கியது 5 ஹெச்.பி., ஓடுவது ஏழரை, பக்கத்து வயலில் பத்து என்று எல்லோரும் ஏற்றிக்கொண்டே போனால் வோல்டேஜ் இறங்கும், இறங்கினால் எல்லார் மோட்டாரும் சூடாகும், அனுமதிப்படி 5 ஹெச்.பி. வைத்திருக்கும் நேர்மையான ஆளின் மோட்டார்தான் பல சமயம் முதலில் என் வாசலுக்கு வருகிறது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும். தண்ணீர் திறந்தும் கடைமடைக்கு வந்து சேரவில்லை என்று தலைமடைக்காரரைக் குறை சொல்லும் நாம், கரண்டில் தலைமடைக்காரர் மாதிரி நடந்துகொள்ளலாமா?

வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் ஏன் எரிகிறது? குறைந்த வோல்டேஜ் என்றால் குறைந்த வாட்தானே?

பல்புக்கு அது சரி, வோல்டேஜ் குறைந்தால் மங்கிவிடும். மோட்டார் அப்படி இல்லை. கீழே தண்ணீர் தூக்கும் வேலை அப்படியே இருக்கிறது, அந்த வாட்டைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று மோட்டார் முட்டி மோதும். வாட் என்பது வோல்ட்டையும் (கரண்டைத் தள்ளும் அழுத்தம்) ஆம்பியரையும் (கம்பியில் பாயும் கரண்டின் அளவு) பெருக்கி வருவது, மூன்று ஃபேஸில் அதோடு 1.73-உம் பவர் ஃபேக்டரும் (அதைக் கே.வி.ஏ. கேள்வியில் சொல்கிறேன்) சேரும். பெருக்கத்தில் ஒன்று குறைந்தால் இன்னொன்று ஏற வேண்டும். 415 வோல்ட்டில் ஏழரை ஆம்பியர் இழுக்கும் 5 ஹெச்.பி. மோட்டார், 350 வோல்ட்டில் 9 ஆம்பியரைத் தொடும். பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் கம்பியில் எழும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும், ஆக சூடு 40 சதவீதம் கூடிவிடும். இரவு முழுக்க ஓடவிட்டுத் தூங்கப் போனால் காலையில் கருகல் வாசனைதான்.

ஒரு ஃபேஸ் போய்விட்டால் இன்னும் கொடுமை. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காது, மிச்சம் இரண்டு ஃபேஸிலேயே முழு வேலையையும் இழுக்கப் பார்க்கும். ஆம்பியர் 1.73 மடங்கு, அந்த இரண்டு கம்பியில் சூடு மூன்று மடங்கு. சம்பா நட்டு ஐப்பசிக் காற்றில் மட்டை விழுந்து ஒரு ஃபியூஸ் போனால் ஒரு ராத்திரியில் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் நாலு மோட்டார் எரிந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஃபேஸ் போனால் தானாக நிறுத்தும் பிரிவென்டரும், சரியான ஆம்பியரில் வைத்த, அதைத் தாண்டினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயும் காயில் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ரிலே அடிக்கடி விழுகிறது என்று அதைத் திருகி மேலே ஏற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரிலே விழுவது நோய் இல்லை, நோயைச் சொல்வது.

கே.வி.ஏ. என்பதும் கிலோவாட்டும் ஒன்றுதானே?

இல்லை. இதில் நானே பட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மோட்டாருக்குள் காந்தம் உண்டாக வேண்டும். அந்தக் காந்தத்துக்காக ஒரு பங்கு கரண்ட் போய்ப் போய்த் திரும்பி வந்துகொண்டே இருக்கும், அது வேலை செய்யாது, ஆனால் கம்பியில் இடம் பிடிக்கும். வேலை செய்யும் பங்கு கிலோவாட். இரண்டும் சேர்ந்து கம்பி சுமப்பது கே.வி.ஏ. கிலோவாட்டைக் கே.வி.ஏ.வால் வகுத்தால் வருவது பவர் ஃபேக்டர், வயல் மோட்டாருக்கு 0.8 பக்கம் இருக்கும். ஸ்டார்டருக்குப் பக்கத்தில் கெப்பாசிட்டர் போடச் சொல்வது இந்தப் போய்வரும் கரண்டை மோட்டார் வாசலிலேயே கொடுத்து, கம்பியின் சுமையைக் குறைக்கத்தான். ஜெனரேட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் கே.வி.ஏ.வில் விற்கப்படுவதற்கும் காரணம் அதுதான், அவை சூடாவது மொத்தக் கரண்டால்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்தது உங்களுக்கு மறந்திருக்காது. வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று இந்தப் பக்கம் முழுக்கத் தென்னையும் மின்கம்பமும் சாய்ந்து கிடந்தன. லட்சத்துக்கு மேல் கம்பங்கள் போயின. எங்கள் பக்கம் கரண்ட் வர வாரக்கணக்கானது. குடிக்கத் தண்ணீர் இல்லை. வண்டியில் ஜெனரேட்டர் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்றிக் கொடுத்தார்கள், மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ஒரு கிராமத்துக்கு நானும் போனேன். இருந்தது 15 கே.வி.ஏ. ஜெனரேட்டர், இறக்கியிருந்தது ஏழரை ஹெச்.பி. சப்மெர்சிபிள். ஏழரை என்றால் ஐந்தரை கிலோவாட், உள்ளே இழுப்பது ஆறரை, 15-க்கு இது சாதாரணம் என்று நினைத்து நேரடி ஸ்டார்டரிலேயே போட்டுவிட்டேன்.

ஓடும்போது 11 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், நேரடியாகப் போட்டால் கிளம்பும் அந்தச் சில விநாடிகளில் ஆறு மடங்கு, 60 ஆம்பியருக்கு மேல் கேட்கும். 15 கே.வி.ஏ. ஜெனரேட்டரின் முழுக் கொள்ளளவே 21 ஆம்பியர். வோல்டேஜ் பொத்தென்று விழுந்தது, மோட்டார் சுற்றாமல் உறுமியது, நான் ஓடிப்போய் அணைப்பதற்குள் காயில் போய்விட்டது. குடத்தோடு வரிசையில் நின்ற அந்த அம்மாக்கள் முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அன்று ராத்திரியே மோட்டாரை மேலே எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் காயில் கட்டி, காசு வாங்காமல் மறுநாள் மாலை இறக்கிக் கொடுத்தேன். இந்த முறை ஸ்டார் டெல்டா ஸ்டார்டர், பெரிய ஜெனரேட்டர். ஸ்டார் டெல்டா போட்டால் கிளம்பும் கரண்ட் மூன்றில் ஒன்றாகிவிடும்.

அதனால் ஜெனரேட்டர் வாங்குகிறவர்கள், வாடகைக்கு எடுக்கிறவர்கள், ஓடும் வாட்டை மட்டும் பார்க்காதீர்கள், கிளம்பும் ஆம்பியரைக் கேளுங்கள்.

எங்கள் வயலுக்கு 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர். எத்தனை மோட்டார் தாங்கும்?

5 ஹெச்.பி. மோட்டார் ஒன்று ஐந்தரை கே.வி.ஏ. இழுக்கும். 18 மோட்டார் ஒரே நேரத்தில் ஓடினால் 99. அதுவும் மூன்று ஃபேஸிலும் சுமை சமமாக இருந்தால். அதே வரியில் வீடுகளும் இருந்தால் இன்னும் குறைவு. கரண்ட் வந்தவுடன் எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பும்படி ஆட்டோ ஸ்டார்டர் வைத்திருந்தால், முன்னே சொன்ன ஆறு மடங்குக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், டிரான்ஸ்ஃபார்மர் ஃபியூஸ் ஏன் போகிறது என்று தெரியும். ஆட்டோ ஸ்டார்டரில் நேரம் தள்ளி வைக்கும் வசதி இருக்கும். பக்கத்து வயல்காரர்களோடு பேசி ஒருவர் 1 நிமிடம், இன்னொருவர் 2 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் செலவே இல்லாமல் பாதிப் பிரச்சினை தீரும். முறைத் தண்ணீர் விடுகிற ஊர்தானே நாம்.

வீட்டில் எது அதிகமாகக் கரண்ட் குடிக்கிறது? மிக்சியா, அயர்ன் பாக்ஸா?

இரண்டும் இல்லை, பெரும்பாலும் ஃபேன்தான். வாட்டை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள், மணியையும் பாருங்கள். 750 வாட் மிக்சி பத்து நிமிடம் ஓடினால் யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு. 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் கால் மணி நேரம் என்றால் கால் யூனிட். 75 வாட் பழைய ஃபேன் இருபது மணி நேரம் சுற்றினால் ஒன்றரை யூனிட்.

இரண்டு மாதம், 60 நாள், இடைவிடாமல் ஒரு பழைய ஃபேன் ஓடினால் 108 யூனிட். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிறதே, அது முழுதும் ஒரே ஒரு பழைய ஃபேனுக்குச் சரியாகப் போய்விடும். பி.எல்.டி.சி. ஃபேன் என்று விற்பது 30 வாட் பக்கம், அதே அளவு ஓடினால் 43 யூனிட். கூடத்திலும் படுக்கையறையிலும் நாள் முழுக்க ஓடும் ஃபேனை மட்டும் முதலில் மாற்றுங்கள், எப்போதாவது போடும் விருந்தாளி அறை ஃபேன் பழசாகவே இருக்கட்டும்.

இன்னொரு எண்ணையும் நினைவில் வையுங்கள்: 500. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 101 முதல் 200 வரை இருந்த மலிவு விலையும் போய்விடும். 500 யூனிட் என்பது இரவு பகலாகச் சராசரி 347 வாட் ஓடுவது. சித்திரை வைகாசியில் ஏ.சி. போடுகிறவர்கள் மாத நடுவில் ஒரு தடவை மீட்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

கருவி எதுவும் இல்லாமல் இப்போது எத்தனை வாட் ஓடுகிறது என்று பார்க்க முடியுமா?

முடியும். மீட்டரில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு சிமிட்டும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று போட்டிருக்கும், பல மீட்டரில் 3200. அப்படியானால் ஒரு சிமிட்டல் 1,125 ஜூல். பத்து சிமிட்டலுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று கைபேசியில் பாருங்கள், 11,250-ஐ அந்த விநாடியால் வகுங்கள், வாட் கிடைத்துவிடும். 30 விநாடி ஆனால் 375 வாட். ஏழரை விநாடி ஆனால் 1,500 வாட், ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கிறது. மீட்டரில் 1600 என்று இருந்தால் 22,500-ஐ வகுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் சிமிட்டிக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஒரு வீட்டில் இப்படிப் பார்த்ததில், தோட்டத்துக்குப் போன பழைய வயர் மண்ணுக்குள் தோல் உரிந்து ஈரத்தில் கசிந்துகொண்டிருந்தது தெரிந்தது. பில்லைவிடப் பெரிய விஷயம் அது, அந்தத் தோட்டத்தில்தான் பிள்ளைகள் விளையாடும்.

அதிக வாட் பல்பு அதிக வெளிச்சம் தரும் இல்லையா?

குண்டு பல்பு காலத்தில் சரி. வெளிச்சத்தின் அளவு லூமென், வாட் அதற்குக் கொடுக்கும் விலை. 60 வாட் குண்டு பல்பு தந்த 700 லூமென் சொச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தாண்டிவிடுகிறது. அட்டைப் பெட்டியில் லூமெனைப் பார்த்து வாங்குங்கள்.

ஏ.சி.யில் டன் என்கிறார்களே, அது வாட் கணக்கில் எவ்வளவு?

ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருக எவ்வளவு சூட்டை இழுக்குமோ அந்த வேகம், 3.5 கிலோவாட். அது அறையிலிருந்து வெளியேற்றும் சூடு. அதற்காக வாங்கும் கரண்ட் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், சூட்டை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால் வரும் லாபம் இது. ஒன்றரை டன் ஏ.சி. 1,500 வாட் பக்கம் இழுக்கும்.

இன்வெர்ட்டர் பேட்டரி எத்தனை மணி நேரம் வரும்?

150 ஆம்பியர் மணி என்று எழுதியிருக்கும் 12 வோல்ட் பேட்டரியில் இரண்டையும் பெருக்கினால் 1,800, அதாவது 1.8 யூனிட். வழியில் போவது போக 1.3 யூனிட் கைக்கு வரும். இரண்டு பழைய ஃபேன், இரண்டு விளக்கு என்று 190 வாட் ஓட்டினால் ஏழு மணி நேரம். ஃபேனை மாற்றியவர்களுக்கு விடிய விடிய வரும். கஜா மாதிரி நாட்களில் இந்த வித்தியாசம் பெரிது.

மேட்டூரில் தயாராகும் மின்சாரத்தை மெகாவாட் என்கிறார்கள், அது எவ்வளவு?

ஒரு மெகாவாட் பத்து லட்சம் வாட், 5 ஹெச்.பி. மோட்டார் 227 ஓடும். மேட்டூர் அணை மின்நிலையம் 50 மெகாவாட், சுரங்க மின்நிலையம் 200. அங்கிருந்து கீழே இறங்கும் வழியில் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று கதவணைகள், ஒவ்வொன்றிலும் 30. நம் டெல்டாவிலேயே எரிவாயுவில் ஓடுவது திருமாக்கோட்டையில் ஒன்று, 108 மெகாவாட் பக்கம், குத்தாலத்தில் ஒன்று, 101.

ஒரு கன அடித் தண்ணீர் 28.3 லிட்டர். விநாடிக்கு ஒரு கன அடி 100 அடி உயரத்திலிருந்து விழுந்தால் எட்டரை கிலோவாட், இயந்திரத்தில் போவது போக ஏழரை. ஆக மேட்டூரில் 10,000 கன அடி விழும்போது 75 மெகாவாட் தேறும். அந்தத் தண்ணீர்தான் கல்லணை தாண்டி, வெண்ணாற்றிலும் வெட்டாற்றிலும் பிரிந்து, நம் வயலில் ஊறி நிலத்துக்குள் இறங்குகிறது. ஆற்றில் தண்ணீர் இல்லாத மாசியில், 50 அடியிலிருந்து அதையே கரண்ட் கொடுத்து மேலே தூக்குகிறோம். ஆறு தானாகத் தரும்போது வாய்க்காலைத் தூர்வாரி வாங்கிக்கொள்வதுதான் ஒரு வாட்கூடச் செலவில்லாத பாசனம் என்று நான் பட்டறைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

மாடியில் ஒரு கிலோவாட் சோலார் போட்டால் ஒரு கிலோவாட் வருமா?

நல்ல வெயிலில், தகடு சூடாகாமல் இருந்தால், அந்த உச்ச நேரத்துக்கு மட்டும். காலை மாலை குறையும், தகடு சூடானாலும் குறையும். நம் பக்கம் ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பங்குனியில் கொஞ்சம் கூடும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பாதிக்கும் கீழே போகும். 2024-இல் வந்த மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் முடிக்கிற வீடு என்றால் அவசரப்பட வேண்டாம், கணக்கு இடிக்கும். 500-ஐத் தாண்டுகிற வீடு என்றால் உடனே பாருங்கள். புயல் வரும் ஊர் இது, தகடு தாங்கும் இரும்புச் சட்டத்தைத் தளத்தில் துளை போட்டு நன்றாகப் பிடிக்கச் சொல்லுங்கள், வெறும் கல்லை ஏற்றி வைக்க விடாதீர்கள்.

மோட்டார் பழுது என்று போன் செய்தால் நீங்கள் கேட்கும் விவரங்களை முன்னாடியே சொல்லுங்களேன்.

நேம் பிளேட்டைத் துணியால் துடைத்து ஒரு படம் எடுங்கள்: ஹெச்.பி., வோல்ட், ஆம்பியர், சுற்று. போர் ஆழம், நீர்மட்டம், குழாய் அளவு. எரிந்த அன்று மூன்று ஃபேஸும் இருந்ததா, ரிலே எந்த ஆம்பியரில் நின்றது. ரிலேயைத் தொட்டுத் திருப்பியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், திட்ட மாட்டேன்.